பொற்சுண்ணமும் இளையராஜாவும்

கலைஞனொருவன் முதிர்ந்த காலத்திற் படைக்கும் படைப்பை, அவனை இளமைதொட்டுக் கேட்டு வளர்ந்த இரசிகர் எதிர்கொள்ளும் முறை தனித்தவோர் இயல்புடையது. புதிதாகக் கேட்பார்க்கு முன்னே இருப்பது அப்படைப்பு ஒன்றே. நெடுநாளைய இரசிகர்க்கோ அப்படைப்பின் பின்னே தம் வாழ்நாளின் பெரும்பகுதி நிற்கின்றது. பழைய சுவை மாறாதிருத்தல் வேண்டுமென அவர் விரும்புவர். பழையதையே மீளவுஞ் சொன்னான் என்று குறை கூறுவாரும் அவரே. இவ்விரு வேட்கைகளும் தம்முட் பொருந்துவனவல்ல. ஆயினும் ஒரே நெஞ்சில் ஒருங்கு வாழ்கின்றன. இரசிகரின் பாராட்டையும் பழிப்பையும் ஆராய்வார் இம்முரணை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இது தமிழர்க்கு மட்டும் உரிய இயல்பன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1968 இல் தோன்றிய 'பிளாக் சபாத்' என்னும் குழுவினர், 'ஹெவி மெற்றல்' எனப்படும் வன்னிசைக்கு வழிகோலியவருள் முதன்மையானவர். அவர்தம் முதற் பாடகர் ஓசி ஒஸ்போர்ன் 1978 ஆம் ஆண்டுத் தொகுதிக்குப் பின் 2013 இலேயே புதிய பாடல்கள் கொண்ட முழுத் தொகுதியொன்றை அக்குழுவுடன் பதிவு செய்தார். 'பதின்மூன்று' என்னும் பெயருடைய அத்தொகுதி 1970 ஆம் ஆண்டு முதற்றொகுதியின் இருண்ட, தாழ்ந்த நடையை வேண்டுமென்றே மீளக் கொணர்ந்தது. அம்மீட்சிக்காக மகிழ்ந்தோர் பலர். அம்மீட்சியையே குறையெனக் கொண்டோருஞ் சிலர். தொடக்க கால முழவுக் கலைஞர் பில் வார்ட் அதிற் கலந்துகொள்ளாமையால் அது பழைய குழுவே அன்று என்று வாதிட்டோரும் உளர். ஆங்கு எழுந்த வழக்குகள் யாவும் இரும்பாலை நகரத்து இளைஞர் இசையைப் பற்றியன. அதே வழக்கு ஒரு சமய நூலைப் பற்றி எழுமாயின் அதன் கடுமை பன்மடங்காகும் என்பது சொல்லாமலே விளங்கும். அவ்வாறு எழுந்ததோர் வழக்கே இளையராஜாவின் திருவாசக இசைத்தொகுதியைப் பற்றியது.

1976 இல் அன்னக்கிளி என்னும் திரைப்படத்தின் வாயிலாக அறிமுகமாகி, அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் தமிழ்த் திரையிசையின் போக்கையே வகுத்து நின்றவர் இளையராஜா. அவர் தம் அறுபதாம் அகவையைக் கடந்த நிலையில், திரைக்கதையின் துணையின்றி, மணிவாசகரின் சொற்களைத் தனியே எடுத்து இசையமைத்த தொகுதி 2005 ஆம் ஆண்டு யூன் 30 ஆம் நாள் சென்னையில் வெளியிடப்பட்டது. திரைக்குப் புறம்பாக அவர் செய்த முயற்சிகளுள் இது முதலாவது அன்று. 1986 இல் 'ஹவ் ரு நேம் இற்', 1988 இல் குழலிசை வல்லுநர் ஹரிப்பிரசாத் சௌராசியாவுடன் 'நத்திங் பட் விண்ட்' ஆகியவை வெளிவந்தன. 1993 இல் இலண்டன் றோயல் பில்ஹார்மோனிக் குழுவினரைக் கொண்டு பதிவு செய்யப்பட்ட சிம்பொனியோ இரசிகர் செவிக்கு எட்டாமலே போயிற்று. ஆகவே 2005 இல் திருவாசகம் வெளிவந்தபோது, அதனை எதிர்பார்த்திருந்தோர் பன்னிரண்டாண்டுப் பசியோடு இருந்தனர் எனலாம்.

இத்தொகுதியைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை பல. அவற்றை விடுத்து, காரைநகர் போன்றதோர் ஈழத்துத் தீவகச் சைவச் சூழலில் இருந்துகொண்டு இதனைக் கேட்ட நெடுநாள் இரசிகர் ஒருவர் நிலையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. அத்தகைய இரசிகர்க்கு இரண்டு செவிகள் உண்டு. ஒன்று திருவாசகத்திற்கு, மற்றையது இளையராஜாவிற்கு. இரண்டும் அவர்க்கு இளமையிலேயே திறந்தவை. இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாமலே இருந்தது.

திருவாசகச் செவியை முதலிற் கூறுவோம். ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் காரைநகர்ச் சிவன் கோயிலின் மார்கழித் திருவெம்பாவைக் காலம் ஊரின் ஆண்டுக் கணக்கையே நிருணயிப்பது. பொருள் தேடித் தென்னிலங்கையிலும் கடல் கடந்தும் வாழும் ஊரவர் திருவாதிரையை நோக்கித் திரும்பி வருவர். விடியற்புறத்தே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் தெருவழியே திருவெம்பாவை பாடிச் செல்லும் குழுவினரின் குரல் கேட்டுக் கண்விழித்த பிள்ளைக்கு, மாணிக்கவாசகர் என்னும் பெயர் பாடநூலுக்கு முன்பே அறிமுகமாகிவிடுகின்றது. பாடசாலைகளில் வெள்ளிக்கிழமைதோறும் ஓதப்படும் சிவபுராணம் தொண்ணூற்றைந்து அடிகளும் பொருள் விளங்குமுன்பே நாவிற் படிந்துவிடுகின்றன. திருவாசகத்தை மோகன இராகத்தில் ஓதுதல் ஓதுவார் மரபு. அந்த நெடிய, தாளக் கட்டற்ற ஓசையே இந்நூலின் ஓசை என்று நம்பி வளர்ந்த செவி அது.

மற்றைச் செவி வானொலியால் வளர்ந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு எழுபதுகளின் பிற்பகுதியில் அன்னக்கிளியின் பாடல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1990 இல் மீண்டும் போர் மூண்டு குடாநாட்டிலும் தீவகத்திலும் மின்சாரம் அற்றுப்போனபின் அவ்விசையைக் கேட்பதற்குப் பாடுபட வேண்டியதாயிற்று. மின்கலம் அரும்பொருளாகிய அக்காலத்தில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, அதன் டைனமோவிற் பிறந்த மின்னோட்டத்தால் வானொலியையும் ஒலிநாடாப் பெட்டியையும் இயக்கினர். சுற்றுவோன் களைத்தால் பாட்டும் களைத்தது, சுருதி இறங்கிற்று. 1991 இல் காரைநகர் மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, பொன்னாலைத் தாம்போதிக்கு அப்பால் உற்றார் வீடுகளிலும் பாடசாலைகளிலும் தங்கியிருந்த ஆண்டுகளிலும் இது நிகழ்ந்தது. கை நோவச் சுற்றிக் கேட்ட ஒருவரை இளையராஜாவின் இரசிகர் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. அவர் அவ்விசைக்கு உழைத்தவர். உழைத்தவர்க்கு உரிமையும் கோபமும் உண்டு.

இந்நிலையில், 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தால் ஏ9 நெடுஞ்சாலை திறந்திருந்த காலத்தில், திருவாசக இறுவட்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அதனை வெளியிட்டது தமிழ் மையம். அதனைத் தோற்றுவித்தவர் கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பார் ராஜ். அவர் தொண்ணூறுகளில் மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலித் தமிழ்ப் பணியின் வாயிலாக ஈழத்து வீடுகளில் நன்கு அறியப்பட்ட குரலினர். சைவத் திருமுறையைக் கிறித்தவக் குருவொருவர் இசையாக்குவித்தமை சிலர்க்கு வியப்பாயிற்று. வியக்க வேண்டியதில்லை. திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900 இல், தம் எண்பதாம் அகவையில் வெளியிட்ட ஜி. யு. போப்பும் கிறித்தவக் குருவேயன்றோ.

தொகுதிக்கு இடப்பட்ட பெயர் வேறொரு வழக்கைக் கிளப்பிற்று. 'சிம்பொனியில் திருவாசகம்' என்பது அதன் பெயர். சிம்பொனி என்பது பொதுவாகச் சொல்லின்றிப் பல்லியத்திற்கென அமைக்கப்படும் நெடும்படைப்பு. சமயப் பொருளுடைய சொற்களைத் தனிக்குரலும் சேர்ந்திசையும் பல்லியமும் இணைந்து பாடும் வடிவத்தை மேனாட்டார் 'ஒறட்டோரியோ' என்பர். பெயர் பிழை என்றோர் கூற்றுச் சரியே. ஆயினும் பெயரைத் திருத்துவதோடு அவர் அமைந்துவிட்டமைதான் குறை. ஹாண்டல் 1741 இல் இயற்றிய 'மெசாயா' அவ்வகையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு. வேதச் சொற்களை நாடக அரங்கிற் பாடுதல் தகுமோ என்று அதனை எதிர்த்தும் இலண்டனில் அந்நாளில் எழுதினர். திருவாசகத்தைத் திரையிசையாளர் தொடலாமோ என்னும் வினா அப்பழைய வினாவின் தம்பி என்க.

இனித் தொகுதியினுள்ளே புகுவோம். அறுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட நூலிலிருந்து ஆறு பகுதிகளே இதில் இடம்பெற்றன. யாத்திரைப்பத்தில் தொடங்கி, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம் என்று சென்று அச்சப்பத்தில் முடிகின்றது. காரைநகர் இரசிகரின் முதற் குறை இங்கேயே எழுகின்றது: திருவெம்பாவை எங்கே? ஊர் முழுவதையும் எழுப்பும் பாட்டு இல்லாத திருவாசகமோ? இக்குறை இயல்பானதாயினும் வலிமையுடையது அன்று. திருவெம்பாவை தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மக்கள் குரலில் ஏலவே நிலைபெற்ற இசையுடையது. அதற்கு இசையமைப்பார் அந்நிலைபெற்ற ஓசையோடு போரிடல் வேண்டும். அதனை விடுத்தமை ஒரு வகையில் அறிவுடைமை. ஆனால், அதே அளவுக்கு நிலைபெற்ற ஓசையுடைய சிவபுராணத்தைத் தொட்டபோது அப்போர் தவிர்க்க முடியாததாயிற்று.

தொகுதியின் நடுத்தூணாக அமைந்தது சிவபுராணமே. ஏறத்தாழ இருபது நிமிடம் ஒலிக்கும் அப்பகுதியில் புடாபெஸ்ட் சிம்பொனிப் பல்லியம் லாஸ்லோ கோவாக்சின் நெறியாள்கையில் இசைக்க, இளையராஜாவின் குரலோடு ஆங்கிலச் சேர்ந்திசையும் வருகின்றது. ஆங்கில அடிகளை இயற்றியவர் அமெரிக்க மேடை நாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்ஸ். ஆங்கிலம் கலந்தமை பற்றிப் பெரும்பாலோர் கொண்ட சினம் மொழிப்பற்றினால் எழுந்தது. அதனைத் தள்ளிவிட்டு இசையின் தகுதியால் மட்டும் நோக்கினும் ஆங்கிலப் பகுதி முற்றும் பொருந்தவில்லை என்றே கூறவேண்டும். காரணம் வெளிப்படை. ஓருயிர் எடுத்த பிறவிகளை மணிவாசகர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுகின்றார்: புல், பூடு, புழு, மரம், விலங்கு, பறவை, பாம்பு, கல், மனிதர், பேய், கணம், அசுரர், முனிவர், தேவர். இப்பட்டியலின் ஆற்றல் அதன் பொறுமையிலேயே உள்ளது. ஒவ்வொரு பெயரிலும் ஓருயிர் நின்று இளைக்கின்றது. ஆங்கில அடிகளோ எத்தனையோ வடிவங்கள், எத்தனையோ பிறவிகள் என்று பொதுப்படத் தொகுத்துக்கொண்டு விரைந்து அப்பாற் செல்கின்றன. கல்லாகக் கிடந்த காலம் எவ்வளவு நெடியது என்பதை அச்சேர்ந்திசை உணரவில்லை. குரல்கள் இனியன; ஒத்திசை நேர்த்தியானது; ஆனால் அவ்விடங்களில் திருப்பெருந்துறையின் குருந்தமரத்தடி மறைந்து நாடக மேடையொன்று தோன்றிவிடுகின்றது.

அதே பகுதியில் தமிழ்ச் சொற்கள் தனித்து வரும்போது நிலைமை வேறு. தம்மைத் தீவினையாளன் எனத் தாழ்த்திக்கொள்ளும் சொல்லை அவர் தொடக்கத்தே எடுத்துக்கொண்டு, பாட்டின் பெயராகவும் அதனையே வைத்தார். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் முதல் அடியிலிருந்து ஓதிப் பழகிய நாவுக்கு இது நடுவில் வாயிலொன்று வெட்டித் திறந்தாற்போன்றது. பழக்கத்தால் தேய்ந்துபோன சொற்களை மீண்டும் கேட்கச் செய்தற்கு இது நல்ல உபாயமாகவே அமைந்தது. வாழ்த்திலிருந்து தொடங்கும் நூலை அவர் ஒருவன் தன் இழிவை உணரும் இடத்திலிருந்து தொடங்கினார். அதனால் பின்வரும் இறைஞ்சுதல் அவனுக்கே உரியதாகின்றது.

குரலைப் பற்றியும் வழக்கு உண்டு. தொகுதியின் பெரும்பகுதியை இளையராஜா தாமே பாடியுள்ளார். பயிற்சி பெற்ற ஓதுவாரின் கணீரென்ற குரல் அவரிடம் இல்லை. மேற்றாயியில் அவர் குரல் மெலிகின்றது. பல்லியத்தின் வயலின்கள் ஒருங்கே எழும் சில இடங்களிற் சொற்கள் அமிழ்ந்துபோதலும் உண்டு. சொல்லே மந்திரமாகிய நூலில் இது சிறு குற்றமன்று. ஆயினும் வேறொரு பாடகர் பாடியிருத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு இதனாற் சென்றுவிடலாகாது. திருவாசகம் தன்னை நாயினுங் கடையனாகக் கருதுவான் ஒருவனின் நூல். அதனைக் குறையற்ற குரல் பாடும்போது கேட்போர் குரலை வியக்கின்றனர். மெலிந்த குரல் பாடும்போது அத்தாழ்வு நம்பத்தக்கதாகின்றது. நெடுநாள் இரசிகர் இக்குரலைப் பன்னூறு திரைப்பாடல்களில் நாட்டுப்புறத்தான் குரலாகக் கேட்டறிந்தவர். டைனமோ களைத்தபோது இதனிலும் மெலிந்து கேட்டவர். அவர்க்கு இக்குறை பழகிய குறையே.

இவையனைத்தும் பேசித் தீர்க்கக்கூடிய வழக்குகள். பேசித் தீர்க்க இயலாதது ஐந்தாவது பகுதியாகிய திருப்பொற்சுண்ணத்தில் எழுந்தது. அதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்து வழக்கமொன்றை நினைத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சைவர் இல்லங்களில் ஒருவர் இறந்தால் ஈமக்கிரியையின்போது உரலும் உலக்கையும் வைத்துச் சுண்ணம் இடிப்பர். அவ்வேளையில் ஓதப்படுவது திருப்பொற்சுண்ணம். ஒருவர் பாட, உலக்கை விழும். இடித்த சுண்ணம் இறந்தார்க்குச் சாத்தப்படும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் ஏந்தி நிற்பர். பின் வாய்க்கரிசி இடப்படும். தீவகத்துச் சிறுவன் இப்பாட்டைப் பெரும்பாலும் தன் பாட்டனையோ பாட்டியையோ கிடத்தியிருந்த நாளிலேயே முதன்முதற் கேட்டிருப்பான். பாடுவோர் குரல் நீண்டு இரங்கும். அதனூடே பறைமேளமும் பெண்களின் ஒப்பாரியும் கேட்கும். பதிகத்தின் முதற்சொல்லாகிய 'முத்து' காதில் விழுந்த அளவிலேயே கண் கலங்குவார் இன்றும் உளர். அச்சொல்லின் பொருள் முத்து என்பதை அவர் மறந்து நெடுங்காலமாயிற்று. அவர்க்கு அச்சொல் சாவின் மணியோசை.

இத்தகைய செவியுடையார் இறுவட்டின் ஐந்தாம் பகுதிக்கு வந்தபோது எதிர்ப்பட்டது யாது? விரைந்த தாளம், ஒன்றையொன்று தொடர்ந்து வரும் ஆண் பெண் குரல்கள், விழாக்கோலம் பூண்ட பல்லியம். முதன்முறை கேட்டோர் அதனை நிறுத்திவிட்டனர் என்றால் அது மிகையாகாது. சாவீட்டுப் பாட்டுக்குத் துள்ளிசையோ என்னும் வினா நியாயமானது. ஆங்கிலக் கலப்புக்காகச் சினந்தவர் கொள்கையாற் சினந்தனர். இங்குச் சினந்தவர் தம் இறந்தாரை நினைத்துச் சினந்தனர். இச்சினத்தை அறியாமை என்று தள்ளுதல் திறனாய்வாளர்க்கு அழகன்று.

ஆனால் நூலைத் திறந்து பதிகத்தைப் படிப்பார் வேறொன்றைக் காண்பர். தில்லையில் அருளிச்செய்யப்பட்டதாகக் கூறப்படும் இவ்விருபது பாடல்களிலும் சாவு பற்றிய குறிப்பு யாதும் இல்லை. இது இறைவனின் திருமஞ்சனத்துக்கு மணப்பொடி இடிக்கும் மகளிரின் பாட்டு. முத்துமாலையும் பூமாலையும் தூக்குங்கள், முளைக்குடமும் தூபமும் தீபமும் வையுங்கள் என்று தோழியர் ஒருவரையொருவர் ஏவுகின்றனர். திருமகளும் கலைமகளும் மலைமகளும் கங்கையும் வந்து பல்லாண்டு பாடவும் கவரி வீசவும் அழைக்கப்படுகின்றனர். வளையும் தோளும் அசைய, வண்டு எழுந்து ஆர்ப்ப, உலகத்தையே உரலாகவும் மேருவையே உலக்கையாகவும் கற்பனை செய்து இடிக்கும் பெருங்களிப்பே பதிகம் முழுவதும். இதனைச் சாவீட்டிற்கு எடுத்துச் சென்ற முன்னோர் அறியாது செய்தனர் என்பதும் பொருந்தாது. இறந்த உயிர் இறைவனடி சேர்ந்தது என்னும் துணிவினால், இறைவனுக்கு ஆட்டும் சுண்ணத்தையே அவ்வுடலுக்கும் ஆட்டினர். அது துயரத்தின்மேல் மகிழ்ச்சிப் பாட்டொன்றை வலிந்து வைத்த துணிவு. காலப்போக்கில் துயரம் பாட்டை வென்றுவிட்டது, அவ்வளவே.

இன்னும் ஒரு படி பின்னே செல்லுதல் வேண்டும். மணிவாசகர் அம்மானை, கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல் எனப் பெண்களின் விளையாட்டுப் பாட்டுகளையும் தொழிற்பாட்டுகளையும் எடுத்து இறைவன்பால் திருப்பியவர். பொற்சுண்ணமும் அவ்வினத்தது. அதன் மூலம் நெற்குற்றும் மகளிர் பாடிய வள்ளைப்பாட்டு. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலும் வள்ளைப்பாட்டு உண்டு. ஆகவே இப்பதிகத்தின் அடியிற் கிடப்பது உலக்கையின் ஓசை. இருவர் மூவர் ஓருரலில் மாறி மாறி இடிக்கும்போது எழும் தாளம். மோகனத்தில் நீட்டி ஓதும்போது அத்தாளம் மறைகின்றது. சாவீட்டில் உண்மை உலக்கையே விழினும் அது பாட்டின் நடைக்கு ஒத்து விழுவதில்லை. இளையராஜா செய்தது அத்தாளத்தை மீட்டெடுத்தமையே. குரல்கள் மாறி மாறி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுதல் மேனாட்டு இசையிலக்கணத்தாற் கற்றதாகலாம். ஆனால் அதன் வடிவம் ஓருரலைச் சூழ்ந்து நிற்கும் உலக்கைகளின் வடிவம்.

இங்கே நெடுநாள் இரசிகர்க்கு மட்டும் கிட்டக்கூடிய ஓர் உண்மை உண்டு. 1976 இல் அன்னக்கிளியில் இளையராஜா இசையமைத்த பாடல்களுள் 'சுத்தச் சம்பா' என்று தொடங்குவதும் ஒன்று. எஸ். ஜானகியும் குழுவினரும் பாடிய அப்பாட்டு நெற்குற்றும் பெண்களின் பாட்டு. பண்ணைப்புரத்துக் கிராமச் சூழலிற் கேட்டு வளர்ந்த ஓசையை அவர் முதன்முதல் திரைக்குக் கொணர்ந்தபோதே உலக்கைப்பாட்டு அதனுள் இருந்தது. இருபத்தொன்பது ஆண்டுகளின் பின், ஹங்கேரி நாட்டுப் பல்லியத்தைத் துணைக்கொண்டு, மணிவாசகரின் உலக்கைப்பாட்டுக்கு அவர் வந்து சேர்ந்தார். பழைய இளையராஜா எங்கே என்று தேடியவர்க்கு அவர் இருந்த இடம் இதுவே. நாட்டுப்புறத் தொழிற்பாட்டைப் பத்திமையாக்கிய புலவரின் சொல்லை, நாட்டுப்புறத் தொழிற்பாட்டிலிருந்து வந்த இசையாளர் தொட்டபோது சொல்லும் ஓசையும் தம் பழைய வீட்டிற் சந்தித்தன. தொகுதி முழுவதிலும் இசை நூலைவிட்டு விலகாது நிற்பது இப்பகுதியில் மட்டுமே என்று துணிந்து கூறலாம்.

இதனால் காரைநகர் இரசிகரின் துயரம் பொய்யாகிவிட்டது என்று கொள்ளற்க. ஒரு பாட்டுக்கு அது பிறந்த இடத்து உரிமையும் அது வாழ்ந்த இடத்து உரிமையும் உண்டு. ஈழத்துச் சாவீடுகளில் பன்னெடுங்காலம் வாழ்ந்த பொற்சுண்ணத்தின் கனத்தை இவ்விறுவட்டு அறியாது. அறிந்திருந்தால் அக்களிப்பினிடையே ஒரு கணமேனும் தயங்கியிருக்கும் என எண்ணத் தோன்றுகின்றது. அத்தயக்கம் இல்லாமை கேட்போர்க்கு ஒரு குறையாகவே நிற்கும்.

திருக்கோத்தும்பியும் பிடித்தபத்தும் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. முன்னது தும்பியை விளித்துப் பாடும் எளிய பாட்டு. எளிமையாகவே அமைந்து இனிக்கின்றது. பின்னது உருக்கமுடையதாயினும் அவருடைய திரைப்பாடல்களிற் பலகாற் கேட்ட உருக்கமே. தாய்முலை நினைந்தூட்டும் அன்பினும் மேலான அன்பை வியக்கும் அச்சொற்கள் அதனினும் புதியதொன்றை வேண்டி நிற்கின்றன. யாத்திரைப்பத்தை முதலில் வைத்தமை பொருத்தம்; பொய்யை விட்டுப் புறப்படுவோம், காலம் வந்தது என்னும் கருத்துடைய பதிகத்தோடு பயணம் தொடங்குகின்றது. நூலின் கடைப்பகுதியிற் கிடந்ததொன்றை வாயிலில் வைத்த இவ்வொழுங்குமுறை இசையாளர் நூலை முழுதும் படித்தே தெரிந்தார் என்பதைக் காட்டும்.

அச்சப்பத்து இறுதியில் வருகின்றது. புற்றிலுள்ள பாம்புக்கும் அஞ்சேன், பிணிக்கும் அஞ்சேன், வேலுக்கும் களிற்றுக்கும் அஞ்சேன் என்று உலகத்தார் அஞ்சுவன யாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கி, இறைவனிடத்து அன்பில்லாரைக் கண்டால் மட்டும் அஞ்சுவதாகக் கூறும் பதிகம் அது. உரத்த பல்லியமும் சேர்ந்திசையும் அதன் வீறாப்பை நன்கு தாங்குகின்றன. சென்னையிலும் இலண்டனிலும் இதனைக் கேட்டோர் இசையின் எழுச்சியை வியந்தனர். யாழ்ப்பாணத்திற் கேட்டோர் அச்சம் என்னும் சொல்லையே கேட்டனர். 2006 ஆம் ஆண்டு ஆவணி மாதம் முகமாலையில் ஏ9 பாதை மீண்டும் மூடப்பட்டது. இறுவட்டு வந்த வழி அடைபட்டது. ஊரடங்கு இரவுகளில், அண்டை வீட்டார்க்கும் கேளாதவாறு ஒலியைத் தாழ்த்தி, அஞ்சேன் அஞ்சேன் என்று அடுக்கும் பாட்டைக் கேட்டவர் நிலையை எண்ணின், உரத்து ஒலித்தற்கென அமைக்கப்பட்ட அவ்விசை தாழ்ந்த ஒலியில் வேறொரு பாட்டாகிவிட்டது என்பது புலனாகும். பல்லியம் பின்னே செல்ல, மெலிந்த தனிக்குரல் மட்டுமே எஞ்சியது. அவ்வாறு கேட்டபோதே அது திருவாசகமாக ஒலித்தது என்று கூறுவாரும் உளர்.

அதன்பின் இருபதாண்டுகள் சென்றன. 2025 ஆம் ஆண்டு மார்ச்சு 8 ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் அகவையை அணுகியிருந்த இளையராஜா 'வேலியன்ற்' என்னும் சிம்பொனியை இலண்டனில் றோயல் பில்ஹார்மோனிக் கொன்சேர்ட் பல்லியத்தைக் கொண்டு அரங்கேற்றினார். இம்முறை பெயரில் வழக்கில்லை, அது சிம்பொனியே. இலண்டன்வாழ் ஈழத்தவருள்ளும் அவ்வரங்கிற்குச் சென்று மகிழ்ந்தோர் பலர். சொல்லற்ற அவ்விசையை அவர்கள் பல்லியத்தின் அழகுக்காகவே கேட்டு, அரங்கைவிட்டு எழுந்து வரலாம். 2005 ஆம் ஆண்டுத் தொகுதியின் ஐந்தாம் பகுதியை அவ்வாறு கேட்டல் காரைநகரார்க்கு இயலாது. முதற்சொல் பிறக்குமுன்பே, எந்தப் பல்லியமும் இசைக்காத உலக்கையொன்று எங்கோ ஒரு முற்றத்தில் விழுந்துவிடுகின்றது.